மாப்பிள்ளைக்கு வாங்கின கேபிள்

தம்பி, காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்குங்க. பைக்குள்ள கேபிள் இருக்கு. ரெண்டு கேபிள். ஒண்ணு மிதிபட்டா பரவாயில்ல. இன்னொண்ணு மிதிபட்டா நாலாயிரத்து அறுநூறு ரூபா போச்சு. ஆமா, கேபிள்தான். வெறும் கேபிள். இதுல என்ன தங்கக் கம்பியா ஓடுதுன்னு நானும் கடைக்காரன்கிட்ட கேட்டேன். அவன் இல்ல சார், கண்ணாடி ஓடுதுன்னான். கண்ணாடியாம்.

நீங்க ஐ.டி.தானே? கழுத்துல அட்டை தொங்குதே. எங்க மாப்பிள்ளையும் ஐ.டி.தான். அதனாலதான் உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுது. ஊர்ல சொன்னா சிரிப்பாங்க. காஞ்சிபுரத்துல சிகாமணி மாஸ்டர்னு யாரை வேணா கேளுங்க, கை காட்டுவாங்க. டிரைவிங் ஸ்கூல். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. லேடீஸ் மட்டுமே ஆயிரம் பேருக்கு மேல என்கிட்ட கத்துக்கிட்டு ஓட்டறாங்க. எங்க வண்டியில பிரேக் ரெண்டு இருக்கும், பாத்திருப்பீங்க. ஓட்டறவங்க காலடியில ஒண்ணு, என் காலடியில ஒண்ணு. அவங்க எங்க வேணா ஓட்டிக்கிட்டுப் போகலாம், ஆனா நான் நினைச்சா வண்டி நிக்கும். அப்படிப்பட்ட என்னை என் சொந்த வீட்லயே மூணு பேரும் சேந்து ஏமாத்திட்டாங்க தம்பி. வெளி ஆளு ஏமாத்தினா போடா ஒழின்னு விட்டுடலாம். இது பெத்த பொண்ணு.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். பஸ் பூந்தமல்லி போற வரைக்கும் நேரம் இருக்கு.

பொண்ணு பேரு தாரணி. ஒரே பொண்ணு. வைகாசியில கல்யாணம். மாப்பிள்ளை பேரு ஹரிபாஸ்கர், போரூர்ல வீடு, ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். இந்த வருஷம் அவங்களுக்குத் தலை தீபாவளி. நம்ம பக்கம் வழக்கம் தெரியுமில்ல? மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும். நானும் ஆவணியில இருந்தே தங்கம் எறங்குமா எறங்குமான்னு பேப்பரைப் பாத்துக்கிட்டு இருக்கேன், அது எங்க எறங்குது. ஒரு நாள் தாரணி போன் பண்றா. "அப்பா, அவருக்கு மோதிரம் வேணாமாம். புதுசா ஒரு கேம் கன்சோல் ரிலீஸ் ஆகப் போவுது. அதுதான் வேணுமாம்"னா.

நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். கழுதை வயசாச்சு, மனுஷனுக்கு டிவியில மாட்டற வெளாட்டு சாமானா? ஆனா தம்பி, மாப்பிள்ளை வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டா, ஏன் எதுக்குன்னு நாம கேக்கக் கூடாது. கேட்டா அது மரியாதை இல்ல. அதுவும் போக மோதிரத்தைவிட அது விலை கம்மி. உண்மையைச் சொல்லணுமில்ல. அவரு விருப்பம் அதுதான்னா சரிம்மான்னுட்டேன். இப்பத்தான் வருது, கடையில கெடைக்காது, நானே புக் பண்ணிடறேன்னா. பணத்தைப் போட்டேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கறப்ப பெட்டி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. ஒரு கார் ஓட்டற கேமும் கூடவே இருந்துச்சு.

நான் எதையும் டெஸ்ட் பண்ணாம குடுக்க மாட்டேன். மாப்பிள்ளை வந்து உக்காந்து, பட்டனைத் தட்டி, படம் வரலைன்னா? அசிங்கமா போயிடாது? அதனால நானே பிரிச்சேன். எல்லா ஒயரும் உள்ளயே இருந்துச்சு. ஆனா டிவிக்குப் போற கேபிள் எட்டலை.

ஏன் எட்டலைன்னா, எங்க வீட்ல டிவி இருக்கற எடம் அப்படி. ஹால்ல இருந்து உள் ரூமுக்குப் போற வாசக்காலுக்கு மேல இருக்கு. சிரிக்காதீங்க. அதுக்குக் காரணம் இருக்கு. தாரணி பிளஸ் டூ படிக்கறப்ப மாட்டினது. கேபிள் கனெக்‌ஷனை எல்லாரும்தான் கட் பண்ணுவாங்க, நானும் பண்ணினேன். ஆனா அது மட்டும் போதாதுன்னு டிவியையே தூக்கி மேல ஏத்திட்டேன். கைக்கு எட்டாது. அண்ணாந்து பாத்தா அஞ்சு நிமிஷத்துல கழுத்து வலிக்கும். எப்படி ஐடியா? ஆயிரத்து நூத்தி நாப்பத்திரெண்டு மார்க் வாங்கினா. இப்ப கல்யாணத்துக்கு முன்னாடி பெரிய டிவியா மாத்தினேன். ஆணி அடிச்ச எடம் அதேதான். இனிமே எறக்கினா செவுத்துல நாலு ஓட்டை தெரியும்.

கீழ பெட்டி, மேல டிவி. வாசக்காலைச் சுத்திக்கிட்டுப் போகணும். அளந்தேன், நாலரை மீட்டர் வந்துச்சு. அஞ்சு மீட்டர் கேபிள் வேணும். இது ஒரு பெரிய விஷயமான்னு வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். எங்க வீட்டுக்காரி, வனஜா, பின்னாலயே வந்து, "எதுக்கும் தாரணியை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க, அவளுக்குத் தெரியும்"னா. அவளுக்கு என்னடி தெரியும்னேன். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை. நம்பிக்கை தம்பி, நம்பிக்கை.

எங்க ஊர்ல ஒரு கடை. முன்னூத்தி ஐம்பது ரூபா, பத்து மீட்டர். அஞ்சு கேட்டவனுக்குப் பத்து. சந்தோஷமா வந்து மாட்டினா டிவி சிக்னல் இல்லைங்குது. திருப்பிக் கொண்டு போனா, "உங்க டிவியில கோளாறு மாஸ்டர்"ங்கறான். என்கிட்ட லைசென்ஸ் எடுத்தவன் அவன். எட்டு போடத் தெரியாம நாலு தடவை கீழ விழுந்தவன். என் டிவியைக் குறை சொல்றான்.

சரின்னு தாரணிக்கு போன் போட்டேன். மாப்பிள்ளையைக் கேட்டு சொல்லும்மா, எந்தக் கேபிள் வாங்கணும்னு. அவ கடகடன்னு சொல்றா. "அப்பா, அட்டையில ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்கணும். அல்ட்ரா ஹை ஸ்பீடுன்னு இருக்கணும். மூணு மீட்டருக்கு மேல போனா சாதா ஒயர் தாங்காது, ஆப்டிக்கல், உள்ள கண்ணாடி இழை ஓடுமே, அதுதான் வாங்கணும். விலை கூடத்தான் ஆவும். வேணாம்பா, டிவியை எறக்கி ஸ்டூல்ல வெச்சுடலாமே"ங்கறா. நான் கேட்டேன், "மாப்பிள்ளை பக்கத்துல நின்னு சொல்லித் தர்றாராம்மா?" இருங்கப்பான்னா. அப்புறம், "ஆமாம்பா"ன்னா.

அந்த "ஆமாம்பா"வைக் கேட்டுக்குங்க தம்பி. அதுதான் பொய். அந்த எடத்துலதான் என் கழுத்தை அறுத்தா.

பாருங்க பாருங்க, இண்டிகேட்டர் போடாம ஒடிக்கிறான். இவனுக்கெல்லாம் யாரு கத்துக் குடுத்தாங்களோ.

எங்க விட்டேன்? ஆங், ரிச்சி ஸ்ட்ரீட். மறுநாள் மெட்ராசுக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாததா, அந்தச் சந்துக்குள்ள கால் வெச்சா ஆளாளுக்குக் கையைப் புடிச்சு இழுக்கறான். நான் ஒருத்தன்கிட்டயும் ஏமாறக் கூடாதுன்னு ஒம்போது கடை ஏறி எறங்கினேன். ஒருத்தன் ஆறாயிரங்கறான். ஒருத்தன் ஐயாயிரங்கறான். ஒருத்தன் மொதல்ல என் செருப்பைப் பாத்தான், அப்புறம் ரெண்டாயிரம்னான். கடைசியா நடைபாதையில, குடை விரிச்சு ஒரு ஆளு. அவன்கிட்ட அதே அட்டை, அதே எழுத்து, ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு பெரிசா போட்டிருக்கு, நானூத்தி ஐம்பது. கேட்டேன், ஏம்ப்பா, உள்ள அஞ்சாயிரம் சொல்றானே? "அவங்க ஏசி போட்டிருக்காங்க, நான் போடலை, அவ்வளவுதான் சார் வித்தியாசம்"னான். எனக்கு அந்தப் பேச்சு பிடிச்சுப் போச்சு. நியாயமாத்தானே சொல்றான்?

வீட்டுக்கு வந்து மாட்டினேன். படம் வந்துச்சு. அப்பா, என்ன படம்! கண்ணாடி மாதிரி ரோடு, ரெண்டு பக்கமும் மரம், மழை பெஞ்சு ஈரம் மின்னுது. வனஜா கையில முறுக்கு அச்சோட அப்படியே நின்னுட்டா. சரி, ஓட்டித்தான் பாப்போமேன்னு அந்த ரிமோட்டை எடுத்தேன். பட்டன் பட்டனா இருக்கு, கிளட்ச் கெடையாது. உருட்டினேன். நல்லாத்தான் போவுது. ஒரு வளைவு வருது. திருப்பறேன், பட்டுனு டிவி கறுப்பாயிடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணறேன். வெளிச்சம் வந்தா வண்டி போய் செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குது. இருபத்தெட்டு வருஷத்துல என் கையில வண்டி முட்டினது அதுதான் மொதல் தடவை.

மறுபடி ஓட்டினேன். நேர் ரோட்ல ஒண்ணும் இல்ல. வேகம் எடுத்து வளைவுக்கு வந்தா இருட்டு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒயரை ஆட்டிப் பாத்தேன், ஊதி மாட்டினேன், சாமி கும்பிட்டு மாட்டினேன். ஒண்ணும் ஆகலை. "ஏன் இப்படி மூக்கால அழறீங்க? யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்கு பாக்கற கதையா இருக்கு. நல்லதா ஒண்ணு வாங்கிடுங்களேன்"னா வனஜா. அவ சொல்றதும் சரிதான். மாப்பிள்ளை ஓட்டறப்ப, வளைவுல போறப்ப, இப்படி இருட்டாச்சுன்னா? "என் மாமனாரு மட்டமான சாமானா வாங்கி வெச்சிருக்காரு"ன்னு நினைக்க மாட்டாரா? வாயைத் தொறந்து சொல்லவும் மாட்டாரு, நல்ல மனுஷன். ஆனா மனசுல நிக்குமில்ல? தலை தீபாவளியில நடந்தது சாகற வரைக்கும் மறக்காது தம்பி. எங்க மாமனாரு எனக்குப் போட்ட வேட்டியில சின்னதா ஒரு சாயம் இருந்துச்சு. முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கேன் பாருங்க.

திரும்பவும் மெட்ராஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இந்தத் தடவை பேரமே பேசலை. உள்ள, ஏசி கடைக்கே போனேன். நாலாயிரத்து அறுநூறு. கடைக்காரன் பில்லுல எழுதியே குடுத்தான், பதினஞ்சு நாளைக்குள்ள பிடிக்கலைன்னா அதே விலைக்கு வேற சாமான் எடுத்துக்கலாம்னு. கொண்டாந்து மாட்டினேன். ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு வளைவுல கூட கண்ணை மூடலை. வாசக்காலைச் சுத்தி அழகா கிளிப் அடிச்சேன். எனக்கே பெருமையா இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கலைன்னு.

இப்பத்தான் விஷயத்துக்கே வர்றேன்.

தீபாவளிக்கு மொத நாளே வந்துட்டாங்க. காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, துணி கட்டி, இட்லியும் கறிக்கொழம்பும் சாப்பிட்டாச்சு. சம்பந்தி வீட்ல இருந்தும் வந்திருந்தாங்க, அவங்க சாப்பிட்டுட்டு பக்கத்துல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றோம்னு கெளம்பினாங்க. நான் அவங்களைத் தெருமுனை வரைக்கும் கொண்டு விட்டுட்டு வர்றேன். வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே உள்ள கார் சத்தம் கேக்குது. மாப்பிள்ளை ஆரம்பிச்சுட்டாரு போலன்னு சிரிச்சுக்கிட்டே எட்டிப் பாத்தேன்.

தரையில சம்மணம் போட்டு உக்காந்து ஓட்டறது தாரணி.

பட்டுப் பொடவை. முந்தானையை இடுப்புல சொருகியிருக்கா. அண்ணாந்து டிவியைப் பாத்துக்கிட்டு, கையில அந்த ரிமோட்டு. மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து முறுக்கை உடைச்சு உடைச்சு அவ வாயில குடுத்துக்கிட்டு இருக்காரு. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை தம்பி! அவருக்கு நாம ஊட்டணும். எங்க வீட்டுக்காரி என்னடான்னா சமையக்கட்டு வாசல்ல நின்னு, "அந்த செவப்பு வண்டியை முந்துடி"ங்கறா.

நான் வாசல்லயே நின்னுட்டேன். அவங்க யாரும் என்னைப் பாக்கலை. ஒண்ணு சொல்லிடறேன், தொழில்னு வந்தா நான் பொய் சொல்ல மாட்டேன். நல்லா ஓட்டறா. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைக்கறா, வளைவுக்குள்ள பிரேக்கைத் தொடலை, வெளிய வர்றப்ப மிதிக்கிறா. நான் ஆயிரம் பேருக்குக் கத்திக் கத்திச் சொல்லியும் வராதது இவளுக்கு வருது. ஒரு எடத்துல லாரி ஒண்ணு குறுக்க வருது, என் கால் தானா தரையை அமுக்குது. அவ அதுக்குள்ள ஒடிச்சு எடுத்துட்டு வெளிய வந்து, ஓன்னு கத்தி சிரிக்கறா. அந்தச் சிரிப்பை நான் பாத்ததே இல்ல தம்பி. மார்க் வந்தப்ப கூட அப்படிச் சிரிக்கலை. கல்யாணத்துலயும் சிரிக்கலை. எனக்குக் கோவம் வந்ததே அதைப் பாத்துத்தான். இந்தச் சிரிப்பை எங்க ஒளிச்சு வெச்சிருந்தா இத்தனை நாளா?

"என்ன நடக்குது இங்க?"ன்னேன்.

டக்குனு நிறுத்திட்டா. முந்தானையை எறக்கி விடறா. மாப்பிள்ளை எந்திரிச்சு நின்னாரு. "மாமா, இது அவளோடதுதான். எனக்கு இதெல்லாம் ஓட்ட வராது. நான்தான் மோதிரத்துக்குப் பதிலா இதைக் கேக்கச் சொன்னேன்"ங்கறாரு. எவ்வளவு கூசிச் சொல்றாரு பாருங்க. தப்பைத் தன் தலையில போட்டுக்கறாரு. நான் அவரை ஒண்ணும் சொல்லலை. வனஜாவைப் பாத்தேன். அவ முந்தியே தெரியும்ங்கற மாதிரி முறுக்குத் தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. கூட இருந்தே குழி பறிச்சிருக்காங்க தம்பி. நான் ஒருத்தன்தான் முட்டாளு மாதிரி அஞ்சு மீட்டர் அஞ்சு மீட்டர்னு மெட்ராசுல அலைஞ்சிருக்கேன்.

தாரணியைக் கேட்டேன். உனக்குத்தான் வேணும்னா சொல்லியிருக்கலாமில்ல? எதுக்கு மாப்பிள்ளை பேரைச் சொன்ன?

"என் பேரைச் சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களாப்பா?"ன்னா.

இது என்ன கேள்வி? நீங்களே சொல்லுங்க. அப்பன்கிட்ட பொண்ணு கேக்கற கேள்வியா இது? வாங்கியிருப்பேனா மாட்டேனாங்கறது வேற விஷயம். அது அப்ப யோசிக்க வேண்டியது. நீ கேக்கணுமில்ல மொதல்ல?

சரி, உனக்குத்தான் கை நெறைய சம்பளம் வருதே, நீயே வாங்கிக்க வேண்டியதுதானேன்னேன். அதுக்கு அவ சொல்றா, "வாங்கியிருக்கலாம்பா. நீங்க வாங்கிக் குடுக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நீங்க வெட்டினதுதானே"ன்னா.

எனக்கு ஒண்ணும் புரியலை. என்ன வெட்டினேன்? அப்புறம் அவ சொன்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அவ தாய்மாமன் சிங்கப்பூர்ல இருந்து ஒரு கேம் பெட்டி கொண்டாந்து குடுத்திருந்தான், அவ ஒம்போதாவது படிக்கறப்ப. மஞ்சள், வெள்ளை, செவப்புன்னு மூணு ஒயர் இருக்குமே, அது. பிளஸ் டூ வந்ததும் நான்தான் பிளையரை எடுத்து அந்த ஒயரை வெட்டினேன். ஒயரைத்தான் வெட்டினேன் தம்பி, பெட்டியை உடைக்கலையே! உடைக்கற அப்பனுங்க எத்தனை பேரு இருக்காங்க. நான் பத்திரமா பரண்ல வெச்சேன். பரீட்சை முடிஞ்சதும் புது ஒயர் வாங்கித் தர்றேன்னு சொன்னேனாம். சொல்லியிருப்பேன். பிள்ளைங்கக்கிட்ட சொல்றதுதான். பரீட்சை முடிஞ்சது, காலேஜ் வந்துச்சு, அப்புறம் வேலை, யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவ ஒரு நாளாவது வாயைத் தொறந்து கேட்டாளா? கேக்கலை. பத்து வருஷம் மனசுல வெச்சிருக்கா. எவ்வளவு அழுத்தம் பாத்தீங்களா?

அப்பவும் நான் கோவத்தை அடக்கிக்கிட்டு, சகஜமா இருக்கட்டும்னு, "பரவாயில்லையே, வளைவுல நல்லா ஒடிக்கிறயே, யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "போரூர்ல டிரைவிங் கிளாஸ் போனேன்பா. புரட்டாசியில லைசென்ஸ் வாங்கிட்டேன்"னா.

தம்பி, நான் யாரு? சிகாமணி மாஸ்டர். என் பொண்ணு காசு குடுத்து வேற டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டிருக்கா. வேற எவனோ ஒருத்தன் காலடியில பிரேக்கை வெச்சுக்கிட்டு என் பொண்ணு வண்டி ஓட்டியிருக்கா. எங்க வண்டியில உக்கார வைக்கலையான்னு கேக்கறீங்களா? வெச்சிருப்பேன். காலேஜ் படிக்கறப்ப ரெண்டு தடவை கேட்டா. நம்ம ஊரு ரோடு மோசம், லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வருவான், நீ எங்க ஓட்டப் போற, கட்டிக்கப் போறவன் ஓட்டுவான்னு சொன்னேன். அக்கறைதானே அது? மத்தவங்க பொண்ணுங்களுக்குக் கத்துக் குடுக்கறது தொழில். சொந்தப் பொண்ணுன்னா பயம் இருக்காதா? அதைப் புரிஞ்சுக்கலை.

அன்னிக்கு முழுக்க நான் யாருகிட்டயும் பேசலை. சாயங்காலம் பட்டாசு கூட வெடிக்கலை. செலவு பெரிசு இல்ல தம்பி. பொய். பொய்தான் எனக்குத் தாங்கலை. எங்க குடும்பத்துல பொய்ங்கறதே கெடையாது. நான் இருபத்தெட்டு வருஷத்துல ஒருத்தருக்குக் கூட ஓட்டத் தெரியாம லைசென்ஸ் வாங்கிக் குடுத்ததில்ல. அப்படிப்பட்டவன் வீட்ல, போன்ல, வாய் கூசாம, "ஆமாம்பா"ங்கறா.

மறுநாள் கெளம்பினாங்க. பெட்டியை எடுத்துக்கிட்டாங்க. எடுத்துக்கட்டும், குடுத்ததைத் திருப்பி வாங்கற ஆளு நான் இல்ல. வண்டியில ஏறறப்ப தாரணி கேட்டா, "அப்பா, அந்தக் கேபிளும் வேணும்பா. எங்க வீட்லயும் டிவி ஒரு பக்கம், அலமாரி ஒரு பக்கம். பெட்டியில வந்தது எட்டாது"ன்னு. கிளிப் அடிச்சிருக்கேன், கழட்டி நானே கொண்டாந்து தர்றேன்னு சொல்லி அனுப்பினேன். அதுக்குத்தான் இன்னிக்குப் போறேன். மொதல்ல ரிச்சி ஸ்ட்ரீட், அப்புறம் போரூர்.

ரிச்சி ஸ்ட்ரீட் எதுக்கா? சொல்றேன். நானும் மூணு நாளா யோசிச்சேன். இதுல நஷ்டப்பட்டது யாரு? மாப்பிள்ளை. தலை தீபாவளிக்கு வந்த மனுஷனுக்கு மோதிரமும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறுங்கையோட திரும்பிப் போயிருக்காரு. சம்பந்தி வீட்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? மோதிரம் இப்ப முடியாது. ஆனா அந்த ஏசி கடையில கையில கட்டற வாட்ச் விக்கிறான், நடந்தா எண்ணும், மூச்சு விட்டா எண்ணும், அந்த மாதிரி. அதுவும் நாலாயிரத்து சொச்சம்தான். பில்லு இருக்கு, பதினஞ்சு நாள் இன்னும் ஆகலை. இந்தக் கண்ணாடி கேபிளைக் குடுத்துட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச் எடுத்துடலாம்னு இருக்கேன்.

தாரணிக்கா? அதான் சொன்னேனே, பைல ரெண்டு கேபிள். அந்த நடைபாதைக்காரன்கிட்ட வாங்கினது வீட்ல சும்மாத்தானே கெடக்கு? அதைத் தொடைச்சு, சுத்தி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். அதே அஞ்சு மீட்டர். படம் நல்லாத்தான் வரும். வளைவுல மட்டும் கொஞ்சம் இருட்டாகும். இருட்டானா என்ன, மூணு எண்ணறதுக்குள்ள வந்துடுது. நிஜ வண்டியா என்ன, மோதி யாராவது செத்துடப் போறாங்களா? மாப்பிள்ளை ஓட்டறாருன்னா நான் இந்த வேலையைச் செய்யவே மாட்டேன், சத்தியமா சொல்றேன். நம்ம பொண்ணுதானே, அனுசரிச்சுக்குவா. எல்லாத்தையும் அனுசரிச்சுக்கிட்டவதான்.

என்ன சொன்னீங்க? அவங்களே அந்த நல்லதை வெச்சுக்கட்டும்ங்கறீங்களா? நீங்க அவ வயசு ஆளு, அப்படித்தான் பேசுவீங்க. ஏமாந்தவனுக்குத்தான் தெரியும் தம்பி வலி.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ஹலோ. சொல்லும்மா... பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன்... இல்ல, கொஞ்சம் வேலை இருக்கு, முடிச்சுட்டு மத்தியானத்துக்கு மேல வர்றேன்... சாப்பாடெல்லாம் எதுக்கு, சரி, செய்யி... ஆமா, கழட்டிட்டேன். கிளிப்பெல்லாம் எடுத்து, சுத்தி பைல வெச்சிருக்கேன்... அதேதாம்மா... ஆமாம்மா. அந்தக் கண்ணாடி கேபிளேதான்... சரி, வெச்சுடறேன்.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா"ங்கறா. அழுத மாதிரி இருந்துச்சு. பஸ் சத்தத்துல சரியா கேக்கலை.

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? போன்ல இதையெல்லாம் விளக்கிக்கிட்டா இருக்க முடியும்? பூந்தமல்லி வந்துடுச்சு, நான் எறங்கி பஸ் மாறணும். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பாத்து, நல்ல கேபிள் மேல இருக்கு.